டின்னுக்குள்ளே ஏல், தீர்ப்பு மூக்குக்குள்ளே! தெரியுமா?

நெய்வேலியில் மே மாத வெயிலில் பீர் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி என்ன? “கூலிங் இருக்கா?” உலகெங்கும் ஏல் வகைப் பீருக்கு மார்க் போடும் நடுவர்கள் முதலில் ஒதுக்கிவைப்பது அந்தக் கூலிங்கைத்தான், தெரியுமா? பனிக்கட்டிக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணம் எழும்பாது, குற்றங்குறை எல்லாம் ஒளிந்துகொள்ளும். ஏலுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏறக்குறைய 7 முதல் 13 டிகிரி செல்சியஸ் போதும். அதாவது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்றுப் பொறுத்திருந்து குடிக்க வேண்டும்!

ஏல் என்றால்? பீரில் இரண்டு பெரிய குலங்கள். குளிரில், மெதுவாக, அடியில் தங்கும் ஈஸ்ட்டால் புளிப்பது லாகர். நம் கடைகளில் நிற்பது பெரும்பாலும் இதுதான். 15 முதல் 24 டிகிரி இளஞ்சூட்டில், மேலே பொங்கி வரும் ஈஸ்ட்டால் புளிப்பது ஏல். பேக்கரியில் ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டும் இதே இனம், தெரியுமா?

இனி டின்னுக்கு வருவோம். உலகில் முதன்முதலாக டின்னில் விற்பனைக்கு வந்த பீரில் ஒரு ஏலும் உண்டு! 1935 ஜனவரி 24, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட் நகரம். க்ரூகர் என்ற நியூவர்க் நகரத்து நிறுவனம் ‘ஃபைனஸ்ட் பீர்’, ‘க்ரீம் ஏல்’ என இரண்டைத் தகர டின்னில் அடைத்து அனுப்பியது. அதற்கு முன்பு அந்த நிறுவனம் செய்த காரியம்தான் ருசிகரம். தன் நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கு 2,000 டின்களைக் கொடுத்துக் குடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னது. 91 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள்! டின் பீருக்கு முதல் நடுவர்கள் நிபுணர்கள் அல்ல, சாதாரணக் குடிமக்கள். (எந்தக் குடிமக்கள் என்று கேட்காதீர்கள்.) அந்த டின்னைக் கூர்முனைக் கருவியால் குத்தித் துளை போட்டுத்தான் திறக்க வேண்டும். வளையத்தை இழுத்துத் திறக்கும் மூடி 1960-களில்தான் வந்தது.

அதே 1935 டிசம்பரில் ஐரோப்பாவின் முதல் டின் பீரும் வந்தது. எங்கிருந்து? வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரை ஒட்டிய ஃபெலின்ஃபோயல் ஆலையிலிருந்து. லனெல்லி தகரத் தகடு செய்யும் தொழில் நகரம். அப்போது அங்கே வேலை மந்தம். பீரை டின்னில் அடைத்தால் தகடு விற்கும், ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்பது கணக்கு. உச்சியில் கூம்பும் அதன்மேல் சோடா மூடியுமாக அந்த டின் பித்தளைக்குப் பாலிஷ் போடும் பிராஸ்ஸோ டப்பா மாதிரியே இருக்கும்! ஒரே தொழிலை நம்பி வாழும் ஊரின் கவலையை நெய்வேலி டவுன்ஷிப்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“டின்னில் இரும்பு வாடை வரும்” என்பவர்களுக்கு ஒரு சேதி. இன்றைய அலுமினிய டின்னின் உட்புறம் முழுக்க மெல்லிய பூச்சு உண்டு. உலோகத்தைப் பீர் தொடுவதே இல்லை. வாடை வருவது நீங்கள் உதட்டையும் மூக்கையும் டின் விளிம்பில் வைப்பதால்! கண்ணாடி டம்ளரில் ஊற்றிவிட்டால் வாடை போச்சு.

பாட்டிலுக்குத்தான் உண்மையான ஆபத்து. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பில் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தகச் சேர்மம் பிறக்கும். ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணி பின்பக்கமிருந்து பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும், தெரியுமா? பச்சை பாட்டில் தடுக்காது, பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், டின்னுக்குள் ஒரு துளி வெளிச்சமும் நுழையாது. டின்னைக் கேவலமாகப் பார்ப்பது வெறும் பழக்கதோஷம் என்பேன்.

ஆனால் வெயிலின் சூட்டை டின்னால் தடுக்க முடியாது. பீர்த் தொழிலில் ‘3-30-300’ என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றிலும் பீர் கெடுவது கிட்டத்தட்ட ஒரே அளவு! பழசான பீரில் ஈர அட்டைப்பெட்டி மணம் அடிக்கும். புதுச்சேரியில் வாங்கி வண்டிப் பெட்டியில் ஒளித்து வரும் டின்னை ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீஸ் பிடிக்காவிட்டாலும், கடலூர் வெயில் பிடித்துவிடும்.

சரி, மார்க் எப்படிப் போடுகிறார்கள்? 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மார்க். சுவைக்கு 20, மணத்துக்கு 12, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஃபோட்டோ எடுத்துப் போடும் அந்தப் பொன்னிறத்துக்கும் நுரைக்கும்? வெறும் 3! சுவை என்று நாம் சொல்வதிலும் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதால், இது மூக்குக்கு வைத்த பரீட்சைதான். ஒயின் நடுவர்கள் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். சைடு டிஷ்? வெறும் ரொட்டியும் தண்ணீரும். மீன் வறுவல் எண்ணெய் உதட்டில் பட்டால் நுரை அடங்கிவிடும். ஊறுகாய் பட்டால் நடுவரே அடங்கிவிடுவார்.

மூக்கு எதைத் தேடும்? வெண்ணெய் மணம், வெந்த சோள மணம், பச்சை ஆப்பிள் மணம் எல்லாம் பெரும்பாலான ஏல்களில் குற்றம். ஜெர்மானியக் கோதுமை ஏலில் மட்டும் வாழைப்பழ மணம் கட்டாயம் வேண்டும்! வாழைப்பழம் எதுவும் போடுவதில்லை. ஈஸ்ட்டே ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளைச் செய்துவிடுகிறது. பக்கத்துப் பண்ருட்டிப் பலாச்சுளையின் வாசனையிலும் அதே பொருள் உண்டு, தெரியுமா?

பீர் ஆலைகள் உலகுக்குத் தந்தவை இன்னும் உண்டு. கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்களைப் படுத்தும் டி-டெஸ்ட், டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோசெட் 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டது! வேதியியலின் பி.ஹெச். அளவுகோல் 1909-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பிறந்தது. 1940-களில் அதே நிறுவனத்தில் உருவானது முக்கோணச் சோதனை. மூன்று டம்ளர், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானதைக் கண்ணை மூடிக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கச் சுலபம், செய்தால் திணறல். குடிக்காதவர்கள் இரண்டு கம்பெனி டீத்தூளை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 21 வயது ஆகாதவர்களும் அதையே செய்க.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸை உண்டாக்கினார். அவற்றில் மூத்தது 1857-ஐச் சேர்ந்தது. பக்கத்து இலங்கையிலும் ஒரு கதை. ஏல் குடும்பத்துக் கறுப்புப் பிள்ளை ஸ்டவுட். அதில் இலங்கையின் லயன் ஸ்டவுட்டை உலகறியப் புகழ்ந்தவர் மைக்கேல் ஜாக்சன்! பாடகர் அல்ல, 2007-இல் மறைந்த ஆங்கிலேய பீர் விமர்சகர்.

கடைசியாக நெய்வேலிக் கணக்கு ஒன்று. ஒரு கிலோ புது அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம். ஒரு டின் சுமார் 15 கிராம். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழுப்பு நிலக்கரி எரிகிறது என்று வைத்தால், ஒரு காலி டின்னுக்குப் பின்னால் 200 கிராமுக்கு மேல் நிலக்கரி! அதையே உருக்கி மறுபடி டின்னாக்கினால் 95 சதவீத மின்சாரம் மிச்சம். குடித்து முடித்த டின்னைச் சாலையோரம் நசுக்கி எறியாதீர்கள். பழைய இரும்புக் கடையில் போடுங்கள், காசும் கொடுப்பார்கள்.