சேமித்த பதிவு எங்கே போயிற்று?

நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மடையைத் திறந்தாயிற்று, கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்போது மடையையே பார்த்துக்கொண்டு நிற்பதால் பயனில்லை. வாய்க்கால் கரையோடு நடந்து, தண்ணீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். கணிப்பொறியில் செய்திகளைச் சேமிக்கும்போதும் இத்தகைய சிக்கல் எழுவதுண்டு. அங்கே கரையோடு நடந்து பார்க்க உதவுவது 'லாக்' எனப்படும் நிகழ்வுக் குறிப்பு.

ஒரு மருத்துவமனைப் பதிவு

சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்னும் சிற்றூரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. 'பாம்னி' என்ற மருத்துவப் பதிவு புரோகிராம் தொகுப்பு முதலில் அங்கேதான் பயன்பாட்டுக்கு வந்தது. நோயாளியின் நோய், பரிசோதனை, மருந்து ஆகிய விவரங்களை அது பதிந்து வைக்கிறது. அதன் உள்ளே இயங்கும் 'ஓப்பன் எம்.ஆர்.எஸ்.' என்ற பகுதி ஜாவா மொழியில் எழுதப்பட்டது.

இத்தகைய புரோகிராம் உள்ள ஏதோ ஒரு மருத்துவமனையில், 'இவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று செவிலியர் பதிவதாக வைத்துக்கொள்வோம். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வருகிறது. அடுத்த வாரம் பார்த்தால் அந்தக் குறிப்பைக் காணோம்! இங்கே ஓர் உயிரே ஆபத்துக்குள்ளாகலாம் அல்லவா?

இடையில் நடப்பது என்ன?

ஜாவா 1995-இல் வெளிவந்த மொழி. அதில் ஒரு நோயாளியின் விவரம், கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் ஒரு 'பொருளாக' இருக்கும். மின்சாரம் நின்றால் அது மறைந்துவிடும். நிலையாக இருக்க வேண்டுமானால் தரவுத்தளத்தின் அட்டவணையில் ஏற வேண்டும். தரவுத்தளத்துக்குப் புரியும் மொழி எஸ்.க்யூ.எல். இவ்விரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பது 'ஹைபர்நேட்'. கேவின் கிங் என்பவர் இதனை 2001-இல் தொடங்கினார்.

ஹைபர்நேட், பொருளைப் பார்த்து 'இன்சர்ட்' என்ற கட்டளையை உருவாக்கி அனுப்புகிறது. ஆனால் அத்துடன் வேலை முடிவதில்லை. 'கமிட்' என்ற உறுதிக் கட்டளை நிறைவேறினால்தான் பதிவு நிலைக்கும். நடுவில் பிழை நேர்ந்தால் 'ரோல்பேக்' நடந்து, செய்ததெல்லாம் அழிக்கப்படும். கமிட் நிறைவேறும் முன்பே 'சேமிக்கப்பட்டது' என்று காட்டும்படி புரோகிராம் எழுதப்பட்டிருந்தால், திரை பொய் சொல்லிவிடும்.

குறிப்பின் படிநிலைகள்

நிகழ்வுக் குறிப்பில் பல படிகள் உண்டு. எரர் என்பது பிழை. வார்ன் என்பது எச்சரிக்கை. இன்ஃபோ என்பது பொதுச் செய்தி. டீபக் என்பது பிழை தேடுவதற்கான விவரம். ட்ரேஸ் என்பது அதனினும் நுணுக்கமானது. வழக்கமாக இன்ஃபோ வரையில்தான் எழுதப்படும். ஆகவே ஹைபர்நேட்டின் உள்வேலைகள் கண்ணில் படுவதில்லை.

அமைப்புக் கோப்பில் 'ஆர்க்.ஹைபர்நேட்.எஸ்.க்யூ.எல்.' என்ற பெயருக்கு டீபக் என்று குறித்தால், அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டளையும் குறிப்பில் விழும். (கோப்பில் இவற்றை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்.) மதிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் மட்டுமே தெரியும். மதிப்புகளையும் காண, ஹைபர்நேட் 5-இல் 'ஆர்க்.ஹைபர்நேட்.டைப்', 6-இல் 'ஆர்க்.ஹைபர்நேட்.ஓ.ஆர்.எம்.ஜே.டி.பி.சி.பைண்ட்' என்ற பெயருக்கு ட்ரேஸ் என்று குறிக்க வேண்டும். கமிட், ரோல்பேக் செய்திகளை அறிய 'ஆர்க்.ஹைபர்நேட்.என்ஜின்.டிரான்சாக்ஷன்' என்பதற்கு டீபக் போதும்.

எப்படிப் படிப்பது?

இனி அதே பதிவை மீண்டும் ஒருமுறை செய்து, குறிப்பைப் பார்க்கலாம்.

இன்சர்ட் வரியே இல்லையா? கட்டளை ஹைபர்நேட்டை விட்டுப் புறப்படவே இல்லை. குற்றம் புரோகிராமில் அதற்கு முந்திய பகுதியில்.

இன்சர்ட் இருக்கிறது, மதிப்பு வெறுமையாக உள்ளதா? பொருளுக்கும் அட்டவணைக்கும் உள்ள பொருத்தம் தவறியிருக்கலாம். அல்லது படிவத்திலிருந்தே மதிப்பு வந்து சேராதிருக்கலாம்.

இன்சர்ட்டும் மதிப்பும் சரி. பின்னால் ரோல்பேக் வருகிறதா? அதற்குச் சற்று மேலே ஏதேனும் பிழைச் செய்தி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கமிட்டும் நடந்தது, பதிவு மட்டும் இல்லையா? நாம் பார்க்கும் தரவுத்தளமும் புரோகிராம் எழுதும் தரவுத்தளமும் ஒன்றுதானா என்று முகவரியை ஒப்பிட வேண்டும். அதுவும் ஒன்றே என்றால், பிறகு வந்த வேறொரு கட்டளை அதை அழித்ததா என்று தேட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

எல்லாப் பகுதிகளுக்கும் டீபக் வைத்தால் குறிப்பு வெள்ளமாகப் பெருகும். வேண்டிய வரி அதில் மூழ்கிவிடும். வட்டும் நிரம்பி, கணிப்பொறியே தடுமாறும். சந்தேகமுள்ள பகுதிக்கு மட்டும் வைப்பதே முறை.

அடுத்தது இதனினும் முக்கியமானது. ட்ரேஸ் வைத்தால் நோயாளியின் பெயரும் நோயும் சாதாரண எழுத்துக் கோப்பில் அப்படியே பதியும். தரவுத்தளத்துக்குப் பூட்டு இருக்கும். இந்தக் கோப்புக்கு அத்தனை காவல் இருக்குமென்று சொல்ல முடியாது. எனவே கற்பனைப் பெயர்களைக் கொண்டு, சோதனைக் கணிப்பொறியில் தேடுவதே நல்லது. இயங்கும் மருத்துவமனையில் தேட நேர்ந்தால், வேலை முடிந்ததும் படியை இன்ஃபோவுக்கு இறக்கி, அந்தக் கோப்பையும் நீக்கிவிட வேண்டும்.

'சேமிக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லை நம்பி மருந்து எழுதுவோரும் உண்டு, உண்போரும் உண்டு. அந்தச் சொல் மெய்தானா என்று படிப்படியாகச் சரிபார்ப்பது புரோகிராம் எழுதுவோரின் கடமையாகும்.