உங்களுக்குத் தெரியுமா? கப்பல் ஏறும் சரக்கு!

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் இயங்கிய நிறுவனங்கள் 55 லட்சம். அதில் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பியவை எத்தனை சதவீதம்? வெறும் 4!

அந்த நாலுக்குள்ளும் ஒரு கூத்து. உச்சியில் இருந்த பத்தில் ஒரு பங்கு நிறுவனங்களே மொத்த ஏற்றுமதியில் 96 சதவீதத்தை அள்ளிக்கொண்டன!

கெட்டிக்கார ஆலை ஏற்றுமதிக்குப் போகிறதா, ஏற்றுமதிக்குப் போனதால் கெட்டிக்காரத்தனம் வருகிறதா? கொலம்பியா, மெக்சிகோ, மொராக்கோ ஆலைகளைத் துருவிய 1998-ம் ஆண்டு ஆய்வின் பதில்: ஏற்கெனவே கெட்டியாக இருந்ததுதான் கப்பல் ஏறுகிறது!

ஸ்லோவேனியா அதை மறுத்தது! ஏற்றுமதியில் கால் வைத்த ஆலைகளின் உற்பத்தித்திறன் அங்கே சராசரியாக 8.8 சதவீதம் எகிறியது. பணக்கார நாடுகளுக்கு அனுப்பியவர்களுக்கு இன்னும் அதிகம்!

அமெரிக்கா சுங்க வரியைக் குறைத்ததும் கனடாவில் சுமார் ரக ஆலைகள்கூட ஏற்றுமதிக்குக் கிளம்பின. புது இயந்திரம், புதுச் சரக்கு என்று ஆளே மாறிப்போயின!

சீனாவில் கதை தலைகீழ். பாகங்களை இறக்குமதி செய்து, கோத்து, திருப்பி அனுப்பும் கம்பெனிகள், ஏற்றுமதியே செய்யாத கம்பெனிகளைவிட உற்பத்தித்திறனில் 4 முதல் 30 சதவீதம் வரை பின்தங்கி இருந்தன! நம்பவே முடியவில்லை, இல்லையா?

என் கைவசம் உள்ளதிலேயே அசல் சரக்கு இனிதான். எகிப்தின் நைல் கரையில் ஃபுவா என்றொரு ஊர். தறி போட்டுக் கம்பளம் நெய்கிறவர்கள் நிறைந்த ஊர். பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே தறி, அதுதான் கம்பெனி! சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலச் சிலரைத் தேர்ந்தெடுத்து, வெளிநாட்டு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நெய்யும் அளவு? குறைந்துவிட்டது! மூலை சதுரமாக நிற்கணும், ஓரம் நெளியக் கூடாது, பாவு நூல் இறுக்கமாக இருக்கணும். வெளிநாட்டுக்காரர் கெடுபிடி அப்படி!

விட்டார்களா? எல்லோரையும் கூப்பிட்டு ஒரே நூல், ஒரே தறி, ஒரே டிசைன் கொடுத்து நெய்யச் சொன்னார்கள். யார் நெய்தது என்று சொல்லாமல் மார்க் போட வைத்தார்கள். ஏற்றுமதி ஆர்டர் பார்த்த கைகள்தான் ஜெயித்தன. அதற்காகக் கூடுதல் நேரமும் எடுத்துக்கொள்ளவில்லை!