கோழிக்குக் காவல் உண்டு, கூலிக்காரனுக்கு?



ஆலை வாசலில் தகராறு முற்றினால், "வா, லேபர் கமிஷனரிடம் போவோம்" என்கிறோம். யார் அந்தத் தொழிலாளர் ஆணையர்? நம் நாட்டிலே அவர் அரசு நியமிக்கும் அதிகாரி. கோட்டையிலிருந்து உத்தரவு வந்தால் வருவார். மாற்றல் வந்தால் மூட்டை கட்டுவார். "அந்த நாற்காலிக்கும் நாமே ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பினால் என்ன?" என்று ஆர்வத்தோடு கேட்கும் இளைஞர்கள் உண்டு. நியாயமான ஆசை!

அமெரிக்காவிலே அது நடக்கிறது. அங்குள்ள 50 மாநிலங்களில் வட கரோலினா, ஜார்ஜியா, ஓக்லஹோமா, ஓரிகன் ஆகிய 4 மாநிலங்களில் தொழிலாளர் ஆணையரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வட கரோலினாவில் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் அதே நாளில், அதே மக்கள், அவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடுக்காத கூலியை வாங்கித் தருவது, சிறுவர்களை வேலையில் வைக்காமல் தடுப்பது, கொதிகலன் முதல் திருவிழா ராட்டினம் வரை சோதிப்பது, இவையெல்லாம் அவர் துறையின் வேலை. லிப்டைச் சோதிப்பதும் அதே துறைதான். 2001 முதல் 2021 வரை ஆணையராக இருந்த செரி பெரி என்ற அம்மையார், லிப்டுச் சான்றிதழில் தம் படத்தையே அச்சிட்டார்! மாநிலம் முழுவதும், ஏறினாலும் அந்த முகம், இறங்கினாலும் அந்த முகம். ஓட்டு வாங்குவோருக்கு ஊருக்கு ஊர் வித்தைகள், நமக்கென்ன புதிதா!

அந்தத் துறையின் தலையாய வேலை வேறு. ஆலையில் பாட்டாளியின் உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பை மத்திய அரசுக்குத் தந்தது. "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்வரும் மாநிலம் தானே ஏற்று நடத்தலாம். வட கரோலினா முன்வந்தது.

பார்த்துக்கொண்ட இலட்சணத்தைக் கேளுங்கள்.

ஹாம்லெட்! நாடகமல்ல, ஊர். வட கரோலினாவின் சிற்றூர். அங்கே ஒரு செங்கல் கட்டடத்தில், கோழித் துண்டுகளை எண்ணெயில் பொரித்து அனுப்பும் இம்பீரியல் ஃபுட் புராடக்ட்ஸ் என்ற ஆலை. 1991 செப்டம்பர் 3, காலை 8 மணி தாண்டிய நேரம். உள்ளே சுமார் 90 பேர். கொதிக்கும் கொப்பரைக்கு அருகே, இயந்திரத்தை இயக்கும் எண்ணெய் ஓடும் குழாய் பிய்த்துக்கொண்டது. பீறிட்ட எண்ணெய் பற்றி எரிந்தது. கரும்புகை! கண் தெரியவில்லை. கதவுக்கு ஓடினார்கள். பூட்டு! அடுத்த கதவுக்கு ஓடினார்கள். அங்கும் பூட்டு! காலால் உதைத்தார்கள், உதைத்த தடம் கதவிலே பதிந்து நின்றது. கதவு திறக்கவில்லை. 25 பேர் மாண்டனர். அவர்களில் 18 பேர் பெண்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

ஏன் பூட்டினார்கள்? தொழிலாளி கோழியைத் திருடிவிடுவானாம்!

அந்த ஆலை அங்கே ஓடியது 11 ஆண்டுகள். அந்த 11 ஆண்டுகளில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்கூட அதன் வாசற்படியை மிதித்ததில்லை. ஆனால் நாள் தவறாமல் ஓர் அரசு ஆய்வாளர் வந்துகொண்டிருந்தார். மத்திய விவசாயத் துறையின் ஆய்வாளர். எதற்கு? கோழி இறைச்சி கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க! செத்த கோழிக்குச் சர்க்கார் காவல். உயிருள்ள கூலிக்காரிக்குப் பூட்டு!

அப்போது ஆணையராக இருந்தவர் ஜான் புரூக்ஸ். 1977 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர்; ஒவ்வொரு முறையும் மக்கள் ஓட்டுப் போட்டே அமர்த்தியவர். ஆட்கள் போதவில்லை, பணம் போதவில்லை என்பது அவர் தரப்பு வாதம். முழுப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். நாற்காலியை மக்கள் கொடுத்தார்கள். பணப்பையின் முடிச்சு சட்டமன்றத்தின் கையில் இருந்தது. ஆனால் பணம் இல்லையென்றால் ஊரைக் கூட்டி உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமா? ஓட்டுக் கேட்க வந்த வாய்தானே அது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆலையில் சங்கம் இல்லை. "கதவு பூட்டிக் கிடக்கிறது" என்று ஒருத்தி எழுதிப் போட்டால், மறுநாள் அவளுக்கு வேலை இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? ஆணையர் அலுவலகம் எங்கோ தலைநகரில். அடுப்பு எரிய வேண்டியது வீட்டில். பலர் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்கள்.

பிறகு விழித்துக்கொண்டார்கள். ஆலைக்கு 8 இலட்சம் டாலருக்கு மேல் அபராதம். முதலாளி எம்மெட் ரோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 19 ஆண்டு 11 மாதம் சிறை என்றது நீதிமன்றம். 4 ஆண்டுகளுக்குச் சற்று மேல் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டார்! உயிர் ஒன்றுக்கு எத்தனை நாள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1992ல், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆய்வாளர் எண்ணிக்கை 60லிருந்து 114 ஆனது. அதே ஆண்டில் புரூக்சைத் தம் சொந்தக் கட்சி வாக்காளர்களே தோற்கடித்தனர். அந்த ஓட்டின் பயன் அதுதான். 25 பிணம் விழுந்த பிறகு கிடைத்த பயன்.

நம் தமிழ்நாட்டில் ஆலைப் பாதுகாப்பைப் பார்ப்பது தொழிலாளர் ஆணையர் அல்ல. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அது பல தோழர்களுக்குத் தெரியாது. இரண்டு கதவையும் தட்டுங்கள். அடுத்த முறை போனஸ் கேட்டு மனு எழுதும்போது, அடியிலே இரண்டு வரி சேருங்கள்: எங்கள் வட்டாரத்துக்கு ஆய்வாளர் எத்தனை பேர்? எங்கள் ஆலைக்கு அவர் கடைசியாக வந்த தேதி எது? மனு எழுதும் முன், உங்கள் பட்டறையின் பின்கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு வாருங்கள்.