கடைக்கு அழகூட்டும் ஒரே இன மீன் தொட்டி

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலோ ஆமர் வீதியிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் மீன் தொட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் காட்டுவதில் எல்லாம் இரண்டிரண்டு எடுப்பார். ஒரு பிளாஸ்ரிக் கோட்டை, ஒரு நீர்மூழ்கி வீரர், நான்கு நிறத்தில் கற்கள். முதல் வாரம் வருவோர் போவோர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். மூன்று மாதம் சென்றால் பெரிய மீன் சின்ன மீனைக் கடித்து முடித்திருக்கும். நீர் கலங்கி, கண்ணாடியில் பாசி படிந்திருக்கும். வாடிக்கையாளர் பணம் செலுத்தக் காத்து நிற்கும் இடத்தில் செத்த மீன் மிதந்தால், அது கடையின் பெயரையும் சேர்த்தே கெடுக்கும்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரே இன மீன், ஒரே வகைக் கல், ஒரே வகை மரத்துண்டு. செலவும் குறைவு, பார்வைக்கும் கம்பீரம்.

எந்த இனம்?

அலங்கார மீன்களில் நிறத்துக்கும் சுறுசுறுப்புக்கும் பெயர் பெற்றது சிக்லிட் குடும்பம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று சந்தையில் நாம் வாங்கும் திலாப்பியாவும் இக்குடும்பமே. பெரும்பாலான சிக்லிட்கள் ஆபிரிக்காவையும் அமெரிக்கக் கண்டங்களையும் சேர்ந்தவை. மலாவி ஏரியின் மஞ்சள், நீல மீன்கள் அழகானவைதான். ஆனால் அவற்றுக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள நீர் வேண்டும். கொழும்புக்கு வருவதோ ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த மென்னீர். மேலும் அவை இடத்துக்காக ஓயாமல் சண்டையிடும்.

நமக்குப் பொருத்தமானது நம் நாட்டு மீனே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் களப்பு, கழிமுகம், ஆறுகளில் வாழும் ஆரஞ்சு குரோமைட், சிங்களத்தில் கொரலியா எனப்படும் வகையின் சிறிய இனம். 1795இலேயே ஜெர்மானிய அறிஞர் புளொக் இதை விவரித்து எழுதியுள்ளார். கேரள மக்கள் விரும்பி உண்பதும், 2010இல் அம்மாநில மீனாக அறிவிக்கப்பட்டதுமான கரிமீன் இதன் பெரிய உறவினம். ஆரஞ்சு குரோமைட் பொதுவாக 8 சென்ரிமீற்றர் அளவே வளரும். தொட்டிகளில் வளர்க்கப்படும் வகை பளிச்சென்ற பொன்னிறம்.

இதன் இன்னொரு சிறப்பு குடும்பப் பாசம். தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியையும் கொத்தித் தின்னும். இக்காட்சியைக் காண நிற்கும் சிறுவர்களை அழைத்துச் செல்வது பெற்றோருக்குப் பெரும்பாடாகிவிடும்!

தொட்டியும் எடையும்

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி 8 முதல் 10 மீன்களுக்குப் போதும். கண்ணாடி 8 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இதன் கொள்ளளவு 9 கன அடி, அதாவது ஏறத்தாழ 255 லீற்றர். நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர 300 கிலோவைத் தாண்டிவிடும். பழைய கட்டடங்களில் பலகைத் தளமுள்ள மேல்மாடியில் வைக்க எண்ணுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நேர் வெயில் படும் முகப்பும் ஆகாது, பாசி பெருகும்.

கண்ணைக் கவரும் அலங்காரம்

பொன்னிற மீனுக்குக் கறுப்புப் பின்னணியே சிறந்தது. பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். தரைக்குக் கருமையான பொடிக்கல். கண்டல் வேர் போலக் கிளைத்த ஒரு பெரிய மரத்துண்டை நட்ட நடுவில் வைக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்துங்கள். அதன் அடியில் ஒரே நிறமுள்ள தட்டையான கற்கள் நான்கைந்து. மீன் முட்டையிடுவதும் அக்கற்களிலேயே. முன்பகுதி வெறுமையாக இருக்கட்டும். மீன் நீந்துவது அங்கேதான் தெரியும்.

இம்மீன் முட்டையிடும் காலத்தில் பொடிக்கல்லைத் தோண்டும். எனவே பெரிய கற்களை முதலில் அடித்தளத்தில் உறுதியாக வைத்து, பிறகே பொடிக்கல்லைப் போட வேண்டும். அலங்காரத்துக்கெனக் கடற் பவளத்தை உடைத்தெடுப்பதோ கண்டல் மரத்தை வெட்டுவதோ கூடாது. மீன் கடைகளில் விற்கும் மரத்துண்டே போதும்.

நீரும் பொறுமையும்

குழாய் நீரில் குளோரின் உண்டு. அதை நீக்கும் திரவத்தைச் சேர்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். களப்பு மீனாகையால் சிறிது உப்பு இதற்கு நல்லது. 10 லீற்றருக்கு 20 கிராம் வீதம், மீன் கடையில் கிடைக்கும் கடலுப்பு. கல்லும் மரமும் இடம்பிடித்த பின் நிற்பது சுமார் 220 லீற்றர் என்றால், 440 கிராம் போதும்.

பலர் தவறுவது இங்கேதான். இன்று தொட்டி, இன்றே மீன் என்று அவசரப்படுகிறார்கள். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டரில் பெருக மூன்று, நான்கு வாரங்களாவது வேண்டும். முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, நீர் பழகியபின் மற்றவற்றைச் சேர்ப்பதே நட்டத்தைத் தவிர்க்கும்.

மாதச் செலவு

25 வாற் பில்டர் நாள் முழுவதும் ஓடினால் 0.6 அலகு. 20 வாற் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.16 அலகு. மாதத்துக்குச் சுமார் 23 அலகு மின்சாரம். கொழும்பு வெப்பத்துக்கு ஹீற்றர் தேவையில்லை. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை, அதாவது நான்கு வாளி அளவை, மாற்ற வேண்டும்; புதிய நீருக்கும் அதே அளவு உப்பு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீடித்ததை மறந்திருக்க மாட்டோம். எனவே பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

மீன் பெருகிவிட்டால் ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறுகள் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி நிற்பது அப்படி விட்டதால்தான். விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தொட்டி வாங்குமுன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கக்கூடியவர் கடையில் யார்? அதற்குப் பதில் இருந்தால் தொட்டியை வாங்கலாம். பதில் இல்லையென்றால், அந்த இடத்தில் இன்னொரு இறாக்கை வைத்துச் சரக்கு அடுக்குவதே இலாபம்.