காவல் செல்லுக்குள் குடியேறும் காசநோய்க் கிருமி

மூச்சுக்காற்றோடு வரும் கிருமிகளைத் தடுக்கும் ஏற்பாடுகள் மனித உடலில் பிறவியிலேயே அமைந்திருக்கின்றன. மூக்கு மயிர், மூச்சுக்குழாய்ச் சளி, அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிழைகள் ஆகியவை முதல் அரண். அதைக் கடந்து நுரையீரலின் காற்று நுண்ணறைகளை எட்டும் கிருமியை மேக்ரோபேஜ் என்னும் காவல் செல்கள் விழுங்கி அழித்துவிடும். காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸோ அந்தச் செல்லையே தன் இருப்பிடமாக்கிக்கொள்கிறது.

நோயாளி இருமும்போது தெறிக்கும் துளிகளில் 5 மைக்ரானுக்கும் சிறியவை சளியில் சிக்காமல் நுண்ணறை வரை சென்றுவிடும். அங்கே மேக்ரோபேஜ் கிருமியை ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. வழக்கமாக, அந்தப் பையில் அமிலம் ஏறும், செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம்கள் வந்து அதனுடன் இணையும், கிருமி சிதைந்துபோகும். உயிருள்ள காசநோய்க் கிருமி இருக்கும் பைகளுடன் லைசோசோம்கள் பெரும்பாலும் இணைவதில்லை என்பதை 1971இல் லண்டனில் ஆம்ஸ்ட்ராங்கும் பிலிப் டார்சி ஹார்ட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டறிந்தனர்.

இதற்கான காரணங்கள் பின்னர் ஒவ்வொன்றாகத் தெளிவாயின. கிருமி சுரக்கும் பிடிபிஏ என்ற புரதம், பைக்குள் அமிலம் ஏற்றும் பம்பைத் தடுக்கிறது. சாப்எம் என்ற நொதி, லைசோசோமை வரவழைக்கும் கொழுப்பு மூலக்கூறைச் சவ்விலிருந்து நீக்குகிறது. மேக்ரோபேஜ் வெளியிடும் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களைக் கிருமியின் கேட்டலேஸ் முறியடிக்கிறது. மெழுகு போன்ற தடித்த மேலுறையும் அதற்குக் கவசமாகிறது. கிருமி பெருகிய பின், அதன் ஈஎஸ்எக்ஸ்-1 என்னும் சுரப்பமைப்பு பையின் சவ்வைச் சிதைக்கிறது. செல் இறந்து, கிருமிகள் அடுத்த செல்களுக்குப் பரவுகின்றன. பிசிஜி தடுப்பூசியில் உள்ள கிருமி நோய் உண்டாக்காததற்கு ஒரு முக்கியக் காரணம், ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வளர்க்கப்பட்டதில் இந்த அமைப்புக்கான மரபணுக்களை அது இழந்ததே.

நோய் எதிர்ப்புச் செல்கள் கூடிச் சுற்றிவளைக்கும்போது கிருமி செயலைக் குறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உறங்கும். சாதகமான சூழலிலும் அது ஒருமுறை பிரிய ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். பெருகாமல் கிடக்கும் கிருமியை மருந்து எளிதில் கொல்லாது. காசநோய்ச் சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வது இதனால்தான்.

அவ்வளவு காலம் நோயாளியை எங்கே வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்குச் சென்னை விடை தந்தது. ஹார்ட் தலைமை வகித்த பிரிட்டிஷ் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ், 1956இல் இங்கு தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையத்தை வழிநடத்தினார். காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் கிடைக்கும் பலன், ஏழை நோயாளிகளுக்கு வீட்டுச் சிகிச்சையிலும் ஏறக்குறைய அதே அளவு கிடைப்பதை அம்மையம் 1959இல் நிறுவியது. அதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

காவல் செல்கள் வலுவாக இயங்க உணவும் வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு ஊட்டச்சத்து வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ள நோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது.

கீழக்குயில்குடி உள்ளிட்ட மதுரைச் சுற்றுவட்டாரத்துக்குத் தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். இருமல் நின்ற பிறகும் செல்களுக்குள் கிருமி மிஞ்சியிருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் மாத்திரையைத் தொடர வேண்டும்.