உடலின் பரப்பளவை அளத்தல்

மேசையின் பரப்பளவைக் காண்பது எளிது. நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கினால் போதும். மனித உடலோ மேடும் பள்ளமும் வளைவும் நெளிவும் கொண்டது. தையற்காரரின் நாடா மார்பின் சுற்றளவைக் கூறும். தோல் முழுவதன் பரப்பு எவ்வளவு என்பதைக் கூறாது. ஆயினும், அவ்வளவை அறிய வேண்டிய தேவை மருத்துவத்திற்கு உண்டு.

தீக்காயமுற்றவரின் உடலில் உள்ள நீர்மம் விரைவாகக் கசிந்து குறையும். அதனை ஈடுசெய்யச் சிரை வழியே நீர்மம் செலுத்துவர். பார்க்லாந்து வாய்பாட்டின்படி, கிலோகிராமில் உள்ள உடல் எடையைக் காயம்பட்ட பரப்பின் விழுக்காட்டால் பெருக்கி, மீண்டும் 4ஆல் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்திற்குத் தேவையான அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 50 கிலோகிராம் எடையுள்ள பெரியவருக்குத் தோலில் 20 விழுக்காடு வெந்திருந்தால் 4 லிட்டர் தேவை. அதனையே 30 விழுக்காடு எனத் தவறாக மதிப்பிட்டால் 6 லிட்டர் என்றாகும். நீர்மம் குறைந்தால் சிறுநீரகம் பழுதுறும். மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். பரப்பைப் பற்றிய பிழை உயிரைப் பற்றிய பிழையாகிவிடும்.

மருத்துவர்கள் விரைந்து மதிப்பிட ‘ஒன்பதின் விதி’யைக் கையாளுகின்றனர். பெரியவரின் தலையும் கழுத்தும் 9 விழுக்காடு. ஒவ்வொரு கையும் 9 விழுக்காடு. ஒவ்வொரு காலும் 18 விழுக்காடு. கைக்குழந்தைக்கோ தலையே ஏறத்தாழ 18 விழுக்காடாக இருக்கும். கால்களின் பங்கு குறைவு. ஆகவே, குழந்தையைப் பெரியவரின் சிற்றுருவாகக் கருதிக் கணக்கிடுதல் கூடாது.

உடலின் முழுப் பரப்பை அளக்கும் முயற்சி பழமையானது. டெலாஃபீல்டு டுபாய், யூஜின் டுபாய் ஆகிய இருவரும் அமெரிக்காவில் சிலரது உடலைக் காகித அச்சாக எடுத்தனர். அந்த அச்சை வெட்டித் தட்டையாக விரித்துப் பரப்பைக் கண்டனர். 1916இல் உயரம், எடை ஆகிய இரண்டை மட்டும் கொண்டு பரப்பைக் கணிக்கும் வாய்பாட்டை வெளியிட்டனர். 1987இல் மாஸ்டெல்லர் எளிய வாய்பாடு ஒன்றைத் தந்தார். சென்டிமீட்டரில் உள்ள உயரத்தையும் கிலோகிராமில் உள்ள எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 144 செ.மீ. உயரமும் 36 கி.கி. எடையும் உடைய மாணவரின் உடற்பரப்பு 1.2 சதுர மீட்டர். புற்றுநோய் மருந்துகள் பலவற்றின் அளவும் இவ்வாறு கண்ட பரப்பைக் கொண்டே முடிவுசெய்யப்படுகிறது.

வாய்பாட்டிற்கும் எல்லை உண்டு. ஒரே உயரமும் ஒரே எடையும் கொண்ட இருவருக்கு அது ஒரே விடையைத் தரும். ஒருவர் அகன்ற தோளினராகவும் மற்றவர் பருத்த வயிற்றினராகவும் இருக்கலாம். ஒருவர் ஒரு காலை இழந்தவராகவும் இருக்கலாம். வாய்பாடு இவ்வேறுபாட்டை அறியாது.

இக்குறையைப் போக்க உதவுவது ஸ்கேனர் எனப்படும் முப்பரிமாண வருடி. அளக்கப்படுபவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்து, கைகளைச் சற்று விலக்கி, அசையாமல் நிற்பார். கருவி அவர்மீது ஒளிக்கோடுகளை வீழ்த்தும். உடலின் வளைவிற்கேற்ப அக்கோடுகள் வளையும். பக்கத்திலுள்ள ஒளிப்படக் கருவிகள் அவ்வளைவைப் பதிவு செய்யும். ஒளி புறப்படும் இடம், உடலில் படும் புள்ளி, ஒளிப்படக் கருவி ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தை அமைப்பதால், அப்புள்ளி இருக்கும் இடத்தைக் கணினி கணிக்கும். இவ்வாறு சில நொடிகளில் பல்லாயிரம் புள்ளிகள் கிடைக்கும். அருகருகே உள்ள புள்ளிகளை மும்மூன்றாக இணைத்தால், உடல் முழுவதும் சிறுசிறு முக்கோணங்களால் மூடப்படும். மூன்று பக்கங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பைக் காணலாம் என்பது கணிதப் பாடம். எல்லா முக்கோணங்களின் பரப்பையும் கூட்டினால் உடலின் பரப்பு கிடைக்கும்.

ஒளி புகாத இடங்களை வருடி காணாது. அக்குள், விரலிடுக்கு, காதின் பின்புறம் ஆகியவற்றைக் கணினி ஊகித்தே நிரப்பும். தலைமுடியும் மூச்சின் அசைவும் அளவை மாற்றும். தீக்காயமுற்றவரால் நிற்கவும் இயலாது. ஆகவே, கணினியிலுள்ள முப்பரிமாண உடலுருவில் காயம்பட்ட இடத்தை மருத்துவர் குறிக்க, அதன் விழுக்காட்டைக் கூறும் மென்பொருள்களும் உள்ளன. கருவி எண்ணைத் தரும். நோயாளியைக் கண்டு தெளிபவர் மருத்துவரே.

சொற்பொருள்

சிரை – இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
நீர்மம் – திரவம்
விழுக்காடு – சதவீதம்
முப்பரிமாணம் – நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் உடைய அமைப்பு

பயிற்சி

1. ஒன்பதின் விதியைக் குழந்தைகளுக்கு அப்படியே பயன்படுத்தலாகாது. ஏன்?
2. 150 செ.மீ. உயரமும் 54 கி.கி. எடையும் உடையவரின் உடற்பரப்பைக் காண்க.
3. வருடியால் காண இயலாத இடங்கள் யாவை?
4. பிரித்து எழுதுக: பரப்பளவு, தீக்காயம், சிற்றுரு.