முதல் ஆட்டத்தில் உதை. கடைசி ஆட்டத்தில் கோப்பை! தஞ்சை வீரர் இருந்த அணி சொல்லும் பாடம்

கால் மட்டும் போதாது, மனசும் வேண்டும்

தஞ்சாவூர்:

கால்பந்து என்றால் கொல்கத்தா, கோவா, கேரளா என்றுதான் பலரும் சொல்வார்கள். நெல் விளையும் தஞ்சைக்கும் கால்பந்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு.

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் சாதாரண சம்பந்தம் அல்ல!

2003ஆம் ஆண்டு ஜூலை 26ந் தேதி. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா. ஆசியான் கிளப் கோப்பையின் இறுதி ஆட்டம். தாய்லாந்தின் பெக் டெரோ அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிச் சென்றது. வெளிநாட்டு மண்ணில் இந்திய கிளப் ஒன்று பெற்ற மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று.

அந்த அணியில் ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார். அவர் பெயர் குலோத்துங்கன்.

சோழன் பெயர், நடுக்கள ஆட்டம்

பெயரிலேயே சோழன்! நடுக்களத்தில் ஆடுபவர். தமிழ்நாட்டு அணிக்காக சந்தோஷ் டிராபியில் ஆடியவர். ஈஸ்ட் பெங்கால் மட்டுமல்ல, மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளின் சட்டையையும் போட்டவர். 2018 அக்டோபரில் தஞ்சையில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் உயிரிழந்தார்.

தஞ்சையில் இன்று பந்து உதைக்கும் பையன்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கோப்பையின் கதையில் அவர்களுக்குப் பாடம் இருக்கிறது.

முதல் நாளே அடி

ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் முதல் ஆட்டத்தில் தோற்றது. 0-1. தோற்கடித்தது யார்? அதே பெக் டெரோ!

அயல் நாடு. முதல் ஆட்டத்திலேயே உதை. "இனி அவ்வளவுதான்" என்று படுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. அடுத்தடுத்து ஜெயித்து அரை இறுதிக்கு வந்தார்கள். அங்கே இந்தோனேசியாவின் பெட்ரோகிமியா புத்ரா அணியோடு 1-1 என சமநிலை. பெனால்டி கிக்கில் 7-6 என்று மயிரிழையில் தப்பினார்கள். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் பெக் டெரோ. இந்த முறை ஒக்கோரோ, பூட்டியா, அல்விட்டோ மூவரும் கோல் போட்டார்கள். கணக்குத் தீர்ந்தது.

பயிற்சியாளர் சுபாஷ் பவுமிக் முன்னதாகவே ஒரு காரியம் செய்திருந்தார். வீரர்களை வீட்டுக்கு அனுப்பாமல், கொல்கத்தாவில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்க வைத்து முகாம் நடத்தினார். சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி எல்லாம் கணக்காக நடந்தன. பெரிய ஆட்டக்காரர்கள்தான் நாம் என்ற எண்ணம் முதலில் மனதில் ஏற வேண்டும் அல்லவா?

பதறினால் போச்சு!

பெனால்டி கிக்கில் உதைப்பவனுக்கும் கோலுக்கும் இடையே 11 மீட்டர்தான். பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவன், ஆட்டத்தில் வானத்துக்கு அடிக்கிறான். கால் அதே கால்தான். மனசுதான் மாறிவிட்டது.

நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதைத் துருவிப் பார்த்தார். நடுவர் விசில் ஊதியதும் அவசரப்பட்டு ஓடிவந்து உதைப்பவர்களே அதிகம் கோட்டை விடுகிறார்கள் என்று கண்டார். "சீக்கிரம் முடிச்சுட்டுப் போயிடலாம்" என்ற பயம்தான் காரணம்.

கோல் கீப்பரும் இதற்கு விலக்கல்ல. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு சுமார் 29 பந்துகள் நடுவிலேயே வந்தன. ஆனால் கீப்பர் நடுவில் நின்றது நூற்றுக்கு 6 தடவைதான்! பாய்ந்து விட்டுவிட்டால் "பாவம், முயற்சி பண்ணான்" என்பார்கள். நின்று விட்டுவிட்டால் "மரம் மாதிரி நின்னான்" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பாய்கிறார்கள்.

ஊர் வாய்க்குப் பயப்படுகிறவன் பந்தைப் பார்க்க மாட்டான். இதுதான் விஷயம்.

காசு செலவில்லாத பயிற்சி

மனநல நிபுணரை வைத்துக்கொள்ள நம்ம ஊர்ப் பையனுக்கு வசதி ஏது? தேவையும் இல்லை. சில பழக்கங்கள் போதும்.

பெனால்டிக்கு முன் எப்போதும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். பந்தை வை, நாலடி பின்னால் போ, மூச்சை மெதுவாக விடு, எங்கே அடிப்பது என்று முடிவு செய், மாற்றாதே.

தூக்கம் முக்கியம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை சில வாரங்கள் தினமும் குறைந்தது பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஓட்டம் வேகமானது. பிரீ த்ரோவில் குறி 9 சதவீதம் கூடியது. நள்ளிரவு வரை செல்போனை நோண்டும் தம்பிகள் கவனிக்க!

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்று என்ன சரி, என்ன தப்பு, நாளை என்ன என்று மூன்றே வரி.

சுனில் சேத்ரியைப் பாருங்கள். சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கறார் என்று பேர் எடுத்தவர். 2024 ஜூனில் 39 வயதில் இந்திய அணியிலிருந்து விலகியவர், 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராக கோல் போட்டார்!

சம்பளம் நின்றால்?

மனசுக்குப் பெரிய சோதனை மைதானத்துக்கு வெளியேதான். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு கிளப் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எப்.சி. தன் வேலைகளையே நிறுத்தி வைத்தது. பிப்ரவரி 14 முதல் ஆட்டம் என்ற அறிவிப்பு 2026 ஜனவரியில்தான் வந்தது. அத்தனை மாதம் ஆட்டம் எப்போது என்றே தெரியாமல் உடம்பைத் தயாராக வைத்திருப்பது லேசான காரியமா?

அதனால்தான் வீட்டில் அம்மா கேட்கிறாள்: "பந்து சோறு போடுமாடா?"

நியாயமான கேள்வி. பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர். தமிழகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டரும் கூட. 2020 ஊரடங்கில் சென்னை வீதியில் காவல் பணியில் நின்றார். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என வென்று தேசிய சாம்பியன் ஆனபோது, அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர் அவர். பந்தும் வேண்டும், படிப்பும் கையில் ஒரு வேலையும் வேண்டும். நாளைக்கு என்ன ஆவோமோ என்ற பயம் குறைந்தால் ஆட்டம் தானாக நிமிரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் தோற்று வந்தால் வாசலிலேயே நிறுத்தி "ஏன்டா கோட்டை விட்டே?" என்று கேட்காதீர்கள். "அடுத்த ஆட்டம் எப்போ?" என்று கேளுங்கள். ஜகார்த்தாவில் முதல் நாள் தோற்றவர்கள்தான் கடைசி நாள் கோப்பையைத் தூக்கினார்கள்!